போன மழைல மாடித் தண்ணி எங்க போச்சு?

வருஷா வருஷம் எம்.ஏ., எம்.எஸ்சி. முடிச்சிட்டு வர்ற பசங்களுக்கு கள ஆய்வுப் பயிற்சி குடுக்கறது என் வேலைல ஒரு பகுதி. பொருளாதாரம் படிச்சவங்க, சமூகப்பணி படிச்சவங்க, சுற்றுச்சூழல் அறிவியல், கொஞ்சம் பேர் சிவில் இன்ஜினியரிங். எல்லாரும் நல்லா படிச்ச பிள்ளைங்க. ஸ்டேட்டா ஓட்டுவாங்க, ரிக்ரெஷன் போடுவாங்க, மேப் போடுவாங்க, நான் அந்த வயசுல கேள்விப்படாத சாஃப்ட்வேர் எல்லாம் தெரியும். வந்ததும் எல்லாருக்கும் ஒரே ஆசைதான், இப்ப நடந்துகிட்டு இருக்கற ஏதாவது ஒரு பசுமைத் திட்டத்தை எடுத்து மதிப்பீடு பண்ணணும். சோலார் பம்ப்பு, எலக்ட்ரிக் பஸ், மரம் நடுற இயக்கம், மஞ்சப்பை, இப்படி ஒரு லிஸ்ட்டோட வருவாங்க. நான் அதுல எதையும் குடுக்கறது இல்ல. 2003-ல தமிழ்நாட்ல கட்டாயமாக்குன மழைநீர் சேகரிப்பைத்தான் முதல்ல குடுப்பேன். அந்த வருஷத்தை ஒட்டிப் பொறந்த பசங்கதான் இப்ப என் முன்னாடி உக்காந்திருக்காங்க.

ஏன் இவ்ளோ பழசுன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி, அதுக்கு பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஒரு திட்டம் ஆரம்பிச்ச முதல் வருஷத்துல எல்லாமே நல்லாத்தான் இருக்கும். பம்ப்பு புதுசு, செடி பச்சையா இருக்கு, அடுப்புல பெயின்ட்டு கூட உரியல, ஆபீசர் வாரா வாரம் வந்து பாக்குறாரு, பேப்பர்ல போட்டோ வருது. அந்த நேரத்துல போய் சர்வே எடுத்தா 'ஆமா இருக்கு, ஆமா நல்லா இருக்கு'ன்னுதான் வரும், அது பொய்யும் இல்ல. ஆனா நீடிக்குமாங்கறதுதானே நம்ம கேள்வியே? அதுக்கு பன்னெண்டு மாச ரிப்போர்ட் எப்படிங்க பதில் சொல்லும்? இளம் ஆய்வாளருக்கு முதல்ல பழகிக் குடுக்க வேண்டியது காலத்தைப் பாக்கற கண்ணைத்தான்னு நான் உறுதியா நம்பறேன், மத்த டெக்னிக் எல்லாம் அதுக்கு அப்புறம் தானா வந்து ஒட்டிக்கும்.

இதுக்கு வகுப்புல நான் எடுத்துக்காட்டா சொல்றது ஒடிசா அடுப்பு ஆய்வு. ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூணு பேரும் செஞ்சது. ஒடிசா கிராமங்கள்ல புகை குறைவா வர்ற மண் அடுப்பு, புகைபோக்கியோட, சுமார் 2,600 குடும்பங்கள், யாருக்கு முதல்ல அடுப்புன்னு குலுக்கல்ல முடிவு பண்ணி, நாலு வருஷம் வரைக்கும் விடாம பின்னாடியே போய்ப் பாத்தாங்க. லேப்ல சோதிச்சப்ப அந்த அடுப்பு நல்ல அடுப்பு. முதல் வருஷம் வீட்லயும் புகை உள்ள போறது குறைஞ்சது நிஜம். அதுக்கப்புறம் பலன் தேஞ்சுகிட்டே போய் கடைசில ஒண்ணுமே இல்லன்னு ஆயிடுச்சு, நுரையீரல்ல மாற்றம் இல்ல, விறகு செலவும் குறையல. காரணம் சாதாரணம்தான், புகைபோக்கியில அடைஞ்சத கிளீன் பண்ணல, விரிசல் விட்டா பூசல, பழைய அடுப்புலயும் சமையல் நடந்துகிட்டே இருந்துச்சு. இந்த ஆய்வை முதல் வருஷத்தோட முடிச்சிருந்தா 'அடுப்பு வெற்றி'ன்னு ஒரு ரிப்போர்ட் வந்திருக்கும், அதை வெச்சு இன்னும் லட்சம் அடுப்பு குடுத்திருப்பாங்க. பசங்க கிட்ட இதைச் சொல்லும்போது நான் ரெண்டு கிராஃப் போர்டுல போடுவேன், முதல் வருஷத்துக்கு ஒண்ணு, நாலு வருஷத்துக்கும் சேத்து ஒண்ணு. அதுக்கு மேல விளக்கமே தேவைப்படாது.

இன்னொண்ணு இமாச்சலப் பிரதேசம், காங்ரா மாவட்டம். அங்க பல பத்தாண்டுகளா அரசு நட்ட தோப்புகளை 2021-ல வந்த ஒரு ஆய்வு பாத்துச்சு, சாட்டிலைட் படமும் வெச்சு, ஊர்க்காரங்க கிட்டயும் பேசி. அவ்ளோ வருஷம் நட்டும் காட்டோட அடர்த்தி கூடுனதுக்கு ஆதாரம் கிடைக்கல, அதுக்கும் மேல, மக்களுக்கு விறகு, தழை குடுக்கற அகல இலை மரங்களோட பங்கு குறைஞ்சிருந்துச்சு. எத்தனை கன்னு நட்டோம்ங்கற கணக்கு ஃபைல்ல பத்திரமா இருக்கும். எத்தனை நின்னுச்சுன்னு பாக்க யாராவது இருபது வருஷம் கழிச்சு அந்த மலைல ஏறணும்.

சரி, மழைநீருக்கு வர்றேன்.

பின்னணி தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 2000-க்கு அப்புறம் ரெண்டு மூணு வருஷம் சென்னைல தண்ணிப் பஞ்சம் கடுமை, ஏரிங்க வத்திப்போய் லாரித் தண்ணிதான் கதி. அந்த சமயத்துல சேகர் ராகவன் மாதிரி சில பேர் ஏற்கனவே வீடு வீடாப் போய் மழைத்தண்ணிய கிணத்துல விடுங்கன்னு சொல்லிகிட்டு இருந்தாங்க, 2002-ல மழை இல்லம்னு ஒரு தகவல் மையமே சென்னைல திறந்தாங்க. 2003-ல அரசு அவசரச் சட்டம் போட்டு பழைய கட்டடம் புதுக் கட்டடம் எல்லாத்துக்கும் கட்டாயம்னு ஆக்கிடுச்சு. வைக்கலன்னா குடிநீர் இணைப்பு துண்டிக்கலாம், இல்ல மாநகராட்சியே வெச்சிட்டு செலவை சொத்துவரியோட சேத்து வசூல் பண்ணலாம்னு இருந்துச்சு. சில மாசத்துல ஊர் பூரா பைப் இறங்குச்சு, குழி தோண்டுனாங்க. பிளம்பர் கிடைக்காத காலம் அது. இவ்ளோ பெரிய அளவுல, இவ்ளோ வேகமா, மக்களே காசு போட்டு ஒரு சுற்றுச்சூழல் வேலை நடந்தது இந்தியாவுல ரொம்ப அபூர்வம், இதை நான் மனசாரச் சொல்றேன், அந்தச் சட்டத்து மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மரியாதை இருக்கறதாலதான் அது என்ன ஆச்சுன்னு கேக்கணும்.

முதல் நாள் கம்ப்யூட்டர் கிடையாது, பேப்பர் பேனா மட்டும். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி, சென்னைல சராசரியா வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் மழை, எவ்ளோ தண்ணி? கையால போடச் சொல்லுவேன். 93 சதுர மீட்டர், அதை 1.4-ஆல பெருக்குனா 130 கன மீட்டர், அதாவது 1.3 லட்சம் லிட்டர். ஆவியாகுறது, வழியிறது, முதல் மழை அழுக்குத்தண்ணின்னு கழிச்சாலும் ஒரு லட்சம் லிட்டர் தேறும். அஞ்சு பேர் இருக்கற வீட்டுக்கு ஆளுக்கு நூறு லிட்டர்னு வெச்சா வருஷத்துக்கு 1.8 லட்சம். பாதிக்கு மேல மாடிலயே விழுதுங்கறதைப் பாத்ததும் முகமெல்லாம் மலரும் பசங்களுக்கு, எனக்கு ஒவ்வொரு வருஷமும் அதைப் பாக்கப் பிடிக்கும். உடனே ஒருத்தர் சென்னைல இத்தனை லட்சம் வீடு, அதால பெருக்குனா இவ்ளோ டிஎம்சின்னு போட ஆரம்பிப்பாங்க. அங்க நிறுத்துவேன். இது விழக்கூடிய தண்ணி. உள்ள போன தண்ணி எவ்ளோ, போனதுல கிணத்துல நின்னது எவ்ளோ, நின்னதால லாரி வாங்கறது குறைஞ்சுதா, குறைஞ்சது யார் வீட்ல? மாடில இருந்து கடைசிக் கேள்வி வரைக்கும் ஒரு சங்கிலி இருக்கு, ஒவ்வொரு கண்ணியிலயும் தண்ணி ஒழுகிப் போக வாய்ப்பு இருக்கு. அந்த சங்கிலியை பெரிய சார்ட்டுல வரைஞ்சு சுவத்துல ஒட்டிட்டுத்தான் ஃபீல்டுக்கே கிளம்புவோம்.

அடுத்தது கேள்வித்தாள். இங்கதான் பயிற்சியோட பெரிய பாடம் இருக்கு. பசங்க எழுதிட்டு வர்ற முதல் கேள்வி எப்பவும் "உங்கள் வீட்டில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு உள்ளதா? ஆம் / இல்லை". இதைக் கேட்டா சென்னைல எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. சட்டம் இருக்கு, கைல டேப்லெட்டோட ஒரு புது ஆள் கேட்ல நிக்குது, கார்ப்பரேஷனா மெட்ரோ வாட்டரான்னு தெரியாது, இல்லன்னு யார் சொல்லுவாங்க? சொல்றவங்க பொய் சொல்லணும்னு சொல்லல, இருபது வருஷம் முன்னாடி அப்பா காலத்துல வெச்சது நிஜம்தான். அதனால கேள்விய மாத்துவோம். "அம்மா, போன மழைல மாடித் தண்ணி எங்க போச்சு? கொஞ்சம் காட்டுறீங்களா?" அவ்ளோதான். இந்தக் கேள்விக்கு ஆமா இல்லன்னு பதிலே சொல்ல முடியாது, எழுந்து நடக்கணும். அவங்களும் ஆர்வமா கூட்டிட்டுப் போவாங்க, பைப்பை தடவிகிட்டே பின்பக்கம் போனா, பைப்பு நேரா தெருவுக்கு போறது தெரியும், இல்லன்னா குழி இருந்த இடத்துல பார்க்கிங்குக்கு டைல்ஸ் போட்டிருக்கும், இல்ல ஃபில்டர் தொட்டி மூடிய திறந்தா மணல், ஜல்லி, கரி எல்லாம் இறுகி மேல ஒரு சாண் இலைச் சருகு. சில வீட்ல வருஷா வருஷம் ஆவணில ஆள் வெச்சு மணலை அலசிப் போட்டு, கிணத்துல தண்ணி எட்டிப்பாத்தா தெரியற அளவுக்கு வெச்சிருப்பாங்க, அந்த வீட்டுக்காரங்க பேசுறதை நிறுத்தவே முடியாது, காபி குடுத்து உக்கார வெச்சு 2003-ல இருந்து கதை சொல்லுவாங்க. அந்தக் கதையை எல்லாம் அப்படியே எழுதிட்டு வரச் சொல்லுவேன், டேப்லெட்ல அதுக்கு இடம் இல்லன்னாலும் நோட்டுல எழுதணும்.

பதிவு பண்றதுக்கு மூணு நிலை வெச்சுக்குவோம். கட்டமைப்பு இருக்கு, இணைஞ்சிருக்கு, வேலை செய்யுது. மூணும் வேற வேற. மூணாவதுக்கு ஒரு பக்கெட் தண்ணிய ஊத்திப் பாத்தாலே போதும், எவ்ளோ நேரத்துல இறங்குதுன்னு செல்போன்ல டைமர் போட்டுப் பாக்கலாம். அரசாங்க ரிப்போர்ட்டுங்கள்ல பெரும்பாலும் முதல் நிலை மட்டும்தான் வரும். ஏழை வீடுகளுக்கு கேஸ் இணைப்பு குடுக்கற உஜ்வாலா திட்டத்தையும் இதே கண்ணால பாக்கச் சொல்லுவேன், 2016-ல தொடங்கி 2019-க்குள்ள 8 கோடி கனெக்‌ஷன் குடுத்தது பெரிய சாதனை, ஆனா வருஷத்துக்கு எத்தனை சிலிண்டர் மறுபடி வாங்குனாங்கங்கறதுலதான் புகை குறைஞ்சுதான்னு தெரியும்.

ஒரு தெருவுல செஞ்சதை ஊருக்கே பொதுவா பேசக் கூடாதுங்கறதை சென்னை மண்ணே சொல்லிக் குடுக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலோர மணல், ஊத்துன தண்ணி நின்னு பாக்கறதுக்குள்ள போயிடும். கிண்டி, வேளச்சேரி பக்கம் பாறை. விருகம்பாக்கம், அரும்பாக்கம் பக்கம் களிமண், மூணடி குழி தோண்டி ஜல்லி போட்டா குளம் மாதிரி தேங்கி நிக்கும், அங்க ஆழமா உறை இறக்குனாத்தான் வேலைக்கு ஆகும். ஒரே சட்டம், ஒரே டிசைன்ல பல பேர் வெச்சாங்க, பலன் மண்ணுக்கு மண் வேற. மயிலாப்பூர்ல மட்டும் சர்வே எடுத்துட்டு வந்த ஒரு குரூப்புகிட்ட நான் வேற எதுவும் கேக்கல, சென்னையோட மண் வரைபடத்தை மட்டும் மேஜை மேல விரிச்சேன். அவங்களாவே அடுத்த நாள் பஸ் ஏறிட்டாங்க.

இப்ப கஷ்டமான இடத்துக்கு வந்தாச்சு. சட்டம் வராம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? மதிப்பீடுன்னா இந்த ஒரு கேள்விதான், மீதி எல்லாம் இதுக்கு பதில் தேடுற வழி.

2003-க்கு அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துல சென்னைல நிலத்தடி நீர் மேல வந்துச்சு, உப்பும் குறைஞ்சுச்சு. கிணத்துக்காரங்க எல்லாருக்கும் தெரியும். அப்ப மழைநீர் சேகரிப்பு வெற்றின்னு எழுதிடலாமா? பசங்களை ஒரு காலக்கோடு போடச் சொல்லுவேன். 2003 சட்டம். 2004-ல வீராணம் தண்ணி சென்னைக்கு வர ஆரம்பிச்சது, குழாய்ல தண்ணி வந்தா போர் ஓடறது குறையும். 2005-ல சென்னைல பேய் மழை, வருஷ மொத்தம் 2,000 மில்லிமீட்டரைத் தாண்டிருச்சு. அப்புறம் 2010-ல மீஞ்சூர்ல கடல்நீரைக் குடிநீராக்கற ஆலை, 2013-ல நெம்மேலி, ரெண்டும் நாளைக்கு 10 கோடி லிட்டர். இதுல எது கிணத்தை ஏத்துச்சு? எல்லாம் சேந்துதான். எதுக்கு எவ்ளோ பங்குன்னு பிரிக்கறதுதான் வேலை, அதை பிரிக்க ஒப்பிட்டுப் பாக்க ஒரு இடம் வேணும், சட்டமோ மாநிலம் முழுக்க ஒரே நாள்ல வந்துச்சு.

இந்த இடத்துல ஒரு நாள் முழுக்க விவாதம் ஓடும், நான் குறுக்க போகமாட்டேன். ஒரு பொண்ணு சொல்லுச்சு, பக்கத்துல ஆந்திராவுல நெல்லூர் இருக்கு, அதே கடற்கரை, அதே வடகிழக்குப் பருவமழை, தமிழ்நாட்டுச் சட்டம் அங்க செல்லாது, ஒப்பிடலாமேன்னு. நல்ல யோசனை. ஆனா நெல்லூர்ல சென்னை அளவு ஜனம் இல்ல, வயல் பாசனம் வேற, உறிஞ்சற அளவே வேற. இன்னொருத்தர், வீட்டுக்கு வீடு ஒப்பிடலாம், நல்லா பராமரிக்கற வீடு ஒரு பக்கம், மூடிட்ட வீடு ஒரு பக்கம், கிணத்து மட்டத்தை அளக்கலாம்னாரு. கேக்க ரொம்ப சரியா இருக்கும், இதுலதான் பல பேப்பர்ங்க விழுந்திருக்கு. பூமிக்கடில காம்பவுண்ட் சுவர் இல்லீங்க. நான் விடற தண்ணி பக்கத்து வீட்டு போர்ல ஏறும், பக்கத்துல அப்பார்ட்மென்ட் அறுநூறு அடி போட்டு உறிஞ்சுனா என் கிணறு வத்தும். வீட்டுக்கு வீடு ஒப்பிட்டா வித்தியாசமே தெரியாது, 'பலன் இல்ல'ன்னு முடிவு வரும், அது தப்பான முடிவு. அப்ப அளவுகோல் வீடா இருக்கக் கூடாது, தெருத் தொகுதியா இல்ல ஒரே மண் உள்ள ஏரியாவா இருக்கணும். நல்லா வேலை செய்யற வீடுங்க அதிகமா இருக்கற ஏரியா, கம்மியா இருக்கற ஏரியா, மண் ஒண்ணு, குழாய்த் தண்ணி வரத்து ஒண்ணு, இதுல மழைக்கு அப்புறம் கிணத்து மட்டம் எவ்ளோ ஏறுது, எத்தனை மாசம் நிக்குதுன்னு பாக்கணும். அப்பவும் ஒரு சிக்கல், பராமரிக்கற ஏரியா வசதியான ஏரியாவா இருக்கும், அவங்க உறிஞ்சற அளவும் வேற. முழுசா தீராது. தீராததை தீராததுன்னே எழுதணும், எந்தப் பக்கம் எவ்ளோ சாஞ்சிருக்கலாம்னு சொல்லி எழுதணும். இந்த நேர்மை கைவந்துட்டா அந்தப் பிள்ளை எந்த ஊர்ல போய் எந்தத் திட்டத்தைப் பாத்தாலும் கவலை இல்ல.

2019 வந்ததும் எல்லாரும் எதிர்ப்பக்கம் பேசுனாங்க. ஏரி நாலும் காஞ்சு, ஜூலைல ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, அப்ப மழைநீர் சேகரிப்பு தோல்விதானேன்னு. 2018 வடகிழக்குப் பருவமழை பொய்ச்சிடுச்சு. சேகரிக்கற தொட்டி மழையை வரவழைக்காது. அந்தக் குழிங்களும் இல்லன்னா 2019 இன்னும் எவ்ளோ மோசமா இருந்திருக்கும்ங்கறதுதான் கேள்வி. 2005-ஐ வெச்சு வெற்றின்னு சொல்றதும் 2019-ஐ வெச்சு தோல்வின்னு சொல்றதும் ஒரே வகைத் தவறு, ரெண்டுலயும் மழையோட கணக்கை திட்டத்தோட தலைல எழுதுறோம். இந்த ஒரு விஷயம் புரிய வைக்கத்தான் எனக்கு பழைய திட்டம் வேணும். ஒரு வருஷத் திட்டத்துல ஒரு மழைதான் இருக்கும். இருபது வருஷத்துல நல்ல மழை, பொய்ச்ச மழை, 2015 மாதிரி வெள்ளம், எல்லாம் இருக்கு, எதையும் மறைக்க முடியாது.

யார் காசு குடுக்கறாங்கங்கற விஷயத்தை பயிற்சிக் கூடங்கள்ல பேசவே மாட்டேங்கறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. குஜராத்ல நடந்த ஒரு ஆய்வை நான் வகுப்புல கண்டிப்பா பாடமா நடத்துவேன். அங்க ஆலைங்களோட மாசை அளக்க வெளி ஆடிட்டர்ங்க, அந்த ஆடிட்டரைத் தேர்ந்தெடுத்து காசு குடுக்கறதும் அதே ஆலை. ஆடிட்டர்ங்க ரிப்போர்ட்படி தூசு அளவு வரம்பைத் தாண்டுன ஆலைங்க 7 சதவீதம். ஆய்வாளர்ங்க தனியா போய் திரும்ப அளந்தா 59 சதவீதம். அப்புறம் ஒரு பகுதி ஆலைங்களுக்கு ஆடிட்டரை குலுக்கல்ல ஒதுக்கி, பொது நிதில இருந்து நிலையான சம்பளம் குடுத்து, திடீர்னு மறு அளவீடும் பண்ணுனாங்க, பொய்யா 'வரம்புக்குள்ள இருக்கு'ன்னு எழுதறது 80 சதவீதம் குறைஞ்சது, ஆலைங்களும் மாசைக் குறைச்சுது. அதே படிப்பு, அதே கருவி, ஆடிட்டரைத் தேர்ந்தெடுக்கற வழியையும் சம்பளம் வர்ற வழியையும் மாத்தி, மறு அளவீடு வெச்சாங்க, அவ்ளோதான்.

இதை நடத்துன கையோட பசங்ககிட்ட ஒண்ணு கேப்பேன். நாளைக்கு நீங்க ஒரு நிறுவனத்துல சேருவீங்க, திட்டத்தை நடத்துறவங்களே உங்க ஆய்வுக்கும் நிதி தருவாங்க, கடைசில 'பலன் இல்ல'ன்னு வந்தா என்ன செய்வீங்க? அமைதியாயிடுவாங்க. இது வெறும் நெஞ்சுரம் சம்பந்தப்பட்ட விஷயம்னு விட்டுட்டா அது இருபத்திரண்டு வயசுப் பிள்ளை தலைல பாரத்தை வைக்கறதுதான். ஏற்பாடு மொதல்லயே இருக்கணும். டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடியே எதை அளக்கப் போறோம், எது வந்தா வெற்றி, எது வந்தா இல்லன்னு எழுதி, தேதி போட்டு, எல்லார் கையெழுத்தும் வாங்கி வெச்சுக்கணும். எந்த முடிவு வந்தாலும் வெளியிடலாம்னு ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கணும். அந்த வரி இல்லாத ஆய்வுல சேராதீங்கன்னு நான் நேராவே சொல்லிடுவேன். சர்வேல ஒரு பங்கு வீட்டுக்கு வேற ஆள் திரும்பப் போய் நாலு கேள்வியை மறுபடி கேக்கணும், அது சந்தேகத்துக்காக இல்ல, வெயில்ல அலைஞ்சு பதினஞ்சாவது வீட்ல நிக்கும்போது எந்த மனுஷனுக்கும் கை தானா டிக் போடும், அதுக்காக.

சென்னை முடிஞ்சதும் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய்க்கு கூட்டிட்டுப் போவேன். தமிழ்நாட்ல சுமார் 39,000 ஏரி கண்மாய் இருக்கு, 2017-ல இருந்து குடிமராமத்துன்னு தூர்வாருனாங்க, அதுக்கு முன்னாடியும் வேற வேற பேர்ல நடந்துச்சு. இங்க சாட்டிலைட் படம் கைகுடுக்கும். லேண்ட்சாட் படம் 1972-ல இருந்து இருக்கு, இலவசம். சென்டினல்-2 வந்தப்புறம் பத்து மீட்டர் துல்லியத்துல அஞ்சு நாளைக்கு ஒரு தடவை கிடைக்குது. தூர்வாருறதுக்கு முன்னாடி பத்து வருஷம், பின்னாடி சில வருஷம், தண்ணி நின்ன பரப்பு எவ்ளோ, எந்த மாசம் வரைக்கும் நின்னுச்சுன்னு ரூம்ல உக்காந்தே போடலாம். பசங்களுக்கு இதுல கொண்டாட்டம். ஆனா ஐப்பசி கார்த்திகைல கண்மாய் நிறையற நேரம் பாத்து மேல மேகம் மூடியிருக்கும், படத்துல வெள்ளையா ஒண்ணும் தெரியாது, அதை விட்டுட்டு தெளிவா இருக்கற படத்தை மட்டும் எடுத்தா மழை கம்மியான நாளைத்தான் எடுத்திருப்போம். மேகத்தைத் தாண்டிப் பாக்கற ரேடார் படம் சென்டினல்-1 குடுக்குது, 2014-க்கு அப்புறம் உள்ளதுக்கு அதை சேத்துக்கலாம், அதுக்கு முன்னாடிக்கு மாசிப் படத்தை வெச்சுத்தான் ஓட்டணும். அதுலயும் கருவேலமோ ஆகாயத்தாமரையோ மூடியிருந்தா தண்ணி இருந்தும் இல்லாத மாதிரி காட்டும்.

அதனால ஊருக்குள்ள போய் நீர்கட்டியப் பாக்கணும். மடை திறக்கறது, வயலுக்கு வயல் தண்ணி திருப்பறது அவர் வேலை. இப்ப பல ஊர்ல அந்த வேலையே இல்ல, இருக்கற ஊர்ல வயசானவங்க. ஒரு ஊர்ல பசங்க படத்தைக் காட்டி, "ஐயா, தூர்வாருனப்புறம் தண்ணி அதிகமா நிக்குதுல்ல?"ன்னு கேட்டாங்க. பெரியவர் படத்தை வாங்கி நல்லா பாத்தாரு. "நிக்குது தம்பி. மடைக்குக் கீழ நோண்டிப்புட்டாக, மடை ஏறாத தண்ணி நின்னு என்ன செய்ய? மாடு குளிக்கும்"னாரு. கரையோரம் மண் எடுக்கறேன்னு மடைவாய் மட்டத்தை விட ஆழமாத் தோண்டிட்டாங்க, தண்ணி தேங்குது, வயலுக்குப் பாயாது, கடைமடைக்காரங்களுக்கு முன்ன வந்துகிட்டு இருந்த தண்ணியும் இப்ப வர்றதில்ல. சாட்டிலைட்ல அந்தக் கண்மாய் வெற்றிக் கணக்குல இருந்துச்சு. அவர் சொன்னதுக்கு அப்புறம் சார்ட்டுல ஒரு கண்ணி சேத்தோம், 'நின்ன தண்ணில மடை ஏறுனது எவ்ளோ', பக்கத்து ஊர் கண்மாய்ங்களுக்கும் போய் மடை மட்டத்தை டேப் வெச்சு அளந்தோம். ஒரு நீர்கட்டி கிட்ட அரை நாள் உக்காந்தது அத்தனை படத்தையும் திரும்பப் படிக்க வெச்சுது.

இதனாலதான், ஃபீல்டுக்குப் போறவங்க தனி, ரிப்போர்ட் எழுதறவங்க தனின்னு பிரிக்கறதை நான் ஏத்துக்கவே மாட்டேன். பெரிய ஆய்வுகள்ல தினக்கூலிக்கு சர்வேயர் வெச்சு, டேட்டா சர்வருக்குப் போயி, எங்கயோ ஒரு ஊர்ல ஒருத்தர் கோடு போடுவாரு. அந்த சர்வேயர் பார்த்த டைல்ஸ் மூடுன குழியும், மூக்குல ஏறுன சாக்கடை நாத்தமும் டேபிள்ல வரவே வராது. என் பயிற்சில கேள்வித்தாள் எழுதறவங்கதான் கேக்கவும் போகணும், கேட்டவங்கதான் அனாலிசிஸ் பண்ணணும், முடிஞ்சதும் அதே தெருவுக்கு, அதே ஊர்ச் சாவடிக்கு திரும்பப் போய் ஒரு பக்கத் தமிழ்ல என்ன கண்டோம்னு வாசிச்சுக் காட்டணும். அந்த ஒரு பக்கம் எழுதறதுதான் பசங்களுக்கு இருக்கறதுலயே கஷ்டம், இங்கிலீஷ்ல இருபது பக்கம் எழுதிடுவாங்க. வாசிக்கும்போது ஊர்க்காரங்க திருத்துவாங்க, "அது அந்த வருஷம் இல்லம்மா, அதுக்கு முந்துன வருஷம்"ன்னு. அந்தத் திருத்தத்தையும் ரிப்போர்ட்ல சேப்போம்.

வேலை வாய்ப்பு இப்ப நல்லாவே இருக்கு. தமிழ்நாடு அரசு 2014-லயே, திட்டங்களோட பலனை ஆய்வு பண்ற ஜே-பால் நிறுவனத்தோட மதிப்பீட்டுக்கு ஒப்பந்தம் போட்டுச்சு, 2022-ல முதலமைச்சர் ஃபெல்லோஷிப் வந்துச்சு, இளைஞர்ங்க துறைகளுக்கு உள்ளயே உக்காந்து திட்டங்களைப் பாக்குறாங்க. ரொம்ப நல்ல விஷயம். ஆனா ரெண்டு வருஷ ஃபெல்லோஷிப்புல ரெண்டு வருஷம்தான் பாக்க முடியும், பி.எச்டி-ல நாலஞ்சு, நிதி குடுக்கற நிறுவனம் பதினெட்டு மாசத்துல ரிப்போர்ட் கேக்கும். மரம் நிக்குதான்னு பாக்க இருபது வருஷம் வேணும். எந்தத் தனி ஆய்வாளராலயும் அது முடியாது, அதனால ஒரு பேட்ச் விட்ட இடத்துல அடுத்த பேட்ச் தொடர்ற மாதிரி வெச்சுக்கணும்.

நாங்க அதை இப்படிப் பண்றோம். ஒவ்வொரு வீட்லயும் திரும்ப வரலாமான்னு சம்மதம் கேட்டு எழுதிக்கறோம். வீட்டுக்கு ஒரு நம்பர், பேரும் விலாசமும் தனி ஃபைல்ல பூட்டி, பதில் எல்லாம் வேற ஃபைல்ல. பைப்பு, தொட்டி, குழி ஒவ்வொண்ணுக்கும் ஒரே கோணத்துல போட்டோ, பக்கத்துல அடிக்கோல் வெச்சு. கேள்வித்தாளை எந்த பேட்ச்சும் இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது, புதுக் கேள்வி சேக்கலாம், பழசை எடுக்கக் கூடாது. டேபிள்ல எந்த நெடுவரிசை எதைக் குறிக்குதுன்னு தமிழ்லயே ஒரு விளக்கக் குறிப்பு, சாஃப்ட்வேர் மாறுனாலும் திறக்கற மாதிரி சாதாரண சிஎஸ்வி ஃபைல். காலேஜ்ல பாடம் எடுக்கறவங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா, இதுக்கு பெரிய நிதி எதுவும் வேணாம், உங்க காலேஜ் பின்னாடி தெருவுல இந்த ஐப்பசிக்கு முன்னாடி ஆரம்பிக்கலாம். ஒரு டேப்பு, ஒரு பக்கெட்டு, போன், மண் வரைபடம், ஒரு நோட்டு. மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழை விட்டதும் ஒரு தடவை, சித்திரைல ஒரு தடவை கிணத்து மட்டத்தை அளந்து எழுதி வைங்க, அடுத்த வருஷம் வர்ற பிள்ளைங்க கைல அந்த நோட்டைக் குடுத்து அதே வீடுங்களுக்கு அனுப்புங்க.